ஒழுங்கை ஏ9 வீதியில ஏறுற சந்தி: விபத்து வீதம் எப்படிக் கணக்கிடுறது?

வேலிக்கரை:
எங்கட ஒழுங்கை ஏ9 எண்ட கண்டி–யாழ்ப்பாணம் வீதியில ஏறுற இடத்தில அடிக்கடி அடிபாடு. மகஜரில "விபத்து கூட" எண்டு மட்டும் எழுதினால் எடுபடாது எண்டினம். வீதத்தை எப்படிக் கணக்கிடுறது? ஊரில எல்லாரும் வேகத்தடை கேட்கச் சொல்லினம், அது சரியா?

கணக்கன்:
சந்தியெண்டால், அதுக்குள்ள வாற 10 இலட்சம் வாகனத்துக்கு எத்தனை விபத்து எண்டு பாக்கிறது வழக்கம். விபத்துகளை 10 இலட்சத்தால பெருக்கி, நாளாந்த வாகனம் × 365 × வருசத்தால பிரியுங்கோ. 3 வருசத்தில 12 விபத்து, நாளுக்கு 8,000 வாகனம் எண்டு வையுங்கோ, 1.37 வரும். எல்லாத் திசையாலும் வாறதை எண்ணவேணும், மோட்டார் சைக்கிளும் வாகனம்தான். நல்லூர்த் திருவிழா நேரம் எண்ணாதேங்கோ; வாகனம் கூடினால் வீதம் குறைச்சுக் காட்டும். ஒரு வருசக் கணக்கும் காணாது. மோசமான வருசத்துக்குப் பிறகு ஒண்டும் செய்யாமலே எண்ணிக்கை இறங்கிறது உண்டு, குறைச்ச பேர் மட்டும் புதுசா நட்ட எச்சரிக்கைப் பலகைக்குப் போகும்.

மதகடி:
வீதம் சந்தியைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. ஒவ்வொரு அடிபாட்டையும் அம்புக்குறி போட்டு ஒரு தாளில கீறுங்கோ, பக்கத்தில நேரத்தையும் எழுதுங்கோ. ஒழுங்கையால வந்து வலப்பக்கம் திரும்பினவைதான் கூட அடிபட்டிருந்தால் பார்வை மறைப்பைத் தேடுங்கோ. 70 கி.மீ. வேகத்தில வாறவர் சுதாரிச்சு பிரேக் பிடிச்சு நிக்க ஏறத்தாழ 105 மீற்றர் வேணும். 50 எண்டால் 65 காணும். வீதி ஓரத்துக்கு 3 மீற்றர் பின்னால, மோட்டார் சைக்கிளில இருக்கிற ஆளின்ர கண் உயரத்தில நிண்டு ரெண்டு பக்கமும் பாருங்கோ. மூலை மதிலோ, விளம்பரப் பலகையோ, நிப்பாட்டின ஓட்டோவோ, எது மறைக்குதெண்டு தெரியும். இரவிலதான் அடிபாடு கூட எண்டால் வேற கதை: வெளிச்சம், கட்டாக்காலி மாடு.

கணக்கன்:
வேகத்தடையை ஏ9 இல கேளாதேங்கோ. பெயின்ற் அழிஞ்சால் இரவில தெரியாது. தெரிஞ்சாலும் மோட்டார் சைக்கிள்காரர் ஓரத்தால வெட்டுவினம், சைக்கிளும் நடக்கிற சனமும் போறது அந்த ஓரத்தாலதான். ஒழுங்கைப் பக்கம் போடலாம், ஏறமுதல் மெதுவாக்கும். அதுக்குக் கேட்கவேண்டியது பிரதேச சபையை. ஏ9 பக்க வேலைக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையை. ரெண்டு இடத்துக்கும் தனித்தனி மகஜர் குடுங்கோ. மதில் மூலை வெட்டவேணுமெண்டால் காணிக்காரரின்ர சம்மதத்தை எழுத்தில வாங்கி முதலே இணைச்சுவிடுங்கோ.