ராட்டிஃபிகேஷன்: ஒப்புதலா, ஏற்புறுதியா?

நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்க அரசியல் சட்டம் பற்றி அன்று பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெஃபர்சன், அதை வரைந்தவர்களில் முக்கியமானவரான மேடிசனுக்குப் பாரிசிலிருந்து எழுதிய கடிதங்களை ஒரு பாடத்தொகுப்புக்காகத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ராட்டிஃபிகேஷனுக்கு என்ன சொல் வைப்பது? 1787 செப்டம்பர் 17 அன்று பிலடெல்பியாவில் 39 பேர் கையெழுத்திட்டதும் ஒப்புதல்தான். அப்புறம் மாநிலந்தோறும் மாநாடு கூட்டி வாக்களித்தார்களே, அதுதான் ராட்டிஃபிகேஷன், அதற்கும் ஒப்புதல் என்றே எழுதினால் எது எதுவென்று புரியாது. அந்தச் சட்டத்தின் ஏழாம் உறுப்பின்படி, பதின்மூன்றில் ஒன்பது மாநிலங்கள் அதைச் செய்தால்தான் சட்டத்துக்கு உயிர்.

*

தம்பி, வேரிலிருந்து வருவோம். இலத்தீன் 'ராட்டுஸ்' என்றால் உறுதிப்பட்டது. 'ஒப்பு' நம்முடைய பழைய ஆட்சிச் சொல்தான். சோழர் செப்பேடுகளில் அரசன் வாய்மொழி ஓலையில் ஏறியபின் ஓலை அதிகாரியான ஓலைநாயகன் ஒப்பும் வேண்டும். ஆனால் அதன் வேர் ஒத்தல். ஒப்புரவு, ஒப்பனை எல்லாம் அதன் கிளைகள். ஒப்புச் சொல்லி அழுவதுதான் ஒப்பாரி. ஒத்துப்போவது வேறு, உறுதியாக்குவது வேறு. 'துணிபு', அதாவது முடிந்த முடிவு, என்பேன். 'எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு' என்று வள்ளுவரே வழி சொல்லியிருக்கிறார்.

*

ஐயா, துணிபு என்று அச்சிட்டால் பிள்ளைகள் அதைத் துணிவு என்றுதான் படிப்பார்கள். நம் அரசியல் சட்டத்தைத் திருத்தும் முறையைச் சொல்லும் 368ஆம் உறுப்பை வகுப்பில் நடத்தும்போது 'மாநிலங்களின் ஒப்புதல்' என்று சொல்கிறேன், உடனே புரிகிறது. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கவேண்டியவரை ஒப்பாரிவரை இழுக்கவேண்டுமா?

*

அம்மா, புரிகிறது என்பது சரி. எது புரிகிறது என்பதுதான் சிக்கல். 1787 டிசம்பர் 20 கடிதத்தில் ஜெஃபர்சன் அதிகாரங்களைப் பிரித்த முறையைப் பாராட்டுகிறார். உரிமைகள் பட்டியல் இல்லாததும், அதிபர் திரும்பத் திரும்பத் தேர்வாகலாம் என்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. 1788 பிப்ரவரியில், ஒன்பது மாநிலங்கள் ஏற்கட்டும், மீதி நான்கும் உரிமைகள் பட்டியல் சேரும்வரை ஏற்காமல் நிற்கட்டும் என்று எழுதுகிறார். மாசசூசெட்ஸ் 187க்கு 168 என்று ஏற்றுக்கொண்டு, கூடவே திருத்தங்களைப் பரிந்துரைத்தது. அதைக் கேள்விப்பட்டதும் தன் யோசனையைவிட இதுவே மேல் என்று மாறிவிட்டார். ஐயா, அதாவது துணிந்தபின் எண்ணுவதை அவர் இழுக்காகக் கருதவில்லை. குறள் இங்கே பொருந்தாது.

நியூயார்க்கில் நிபந்தனையோடு சேரலாமா என்று பேச்சு எழுந்தபோது மேடிசன், அங்கே சட்டத்துக்காக வாதாடிய ஹாமில்டனுக்கு எழுதிய பதிலைப் பாருங்கள்: முழுமையாக, என்றென்றைக்குமாக ஏற்கவேண்டும், இல்லையென்றால் அது ஏற்பே ஆகாது. பரிந்துரை சேரலாம், நிபந்தனை கூடாது. அன்றைய சண்டையே இதில்தான் இருக்கிறது. ஒப்புதலோ எந்த நிபந்தனைக்கும் இடம் கொடுக்கும் சொல். 'நிபந்தனையுடன் ஒப்புதல்' என்று எந்த அலுவலகக் கோப்பிலும் பார்க்கலாம். அதனால் 'ஏற்புறுதி' என்கிறேன். ஏற்பதும் திரும்ப எடுக்கமுடியாததும் ஒரே சொல்லில் வந்துவிடும்.

*

சொற்புணர்ச்சியில் குறையில்லை. 'உறுதியேற்பு' என்று மாற்றிப் போட்டால் பொருள் இன்னும் நேராக வராதா?

*

அது பதவிப் பிரமாணம் போலக் கேட்கும், ஐயா. ஏற்புறுதியே இருக்கட்டும்.

*

எனக்கும் அதுவே. துணிபை வலியுறுத்தவில்லை, சொல்தொகுப்பின் அடிக்குறிப்பில் மட்டும் சேர்த்துவிடுங்கள்.

*

இருவரும் சொல்வதால் ஏற்புறுதி என்றே அனுப்புகிறேன். கையெழுத்திட்டதற்குக் 'கையொப்பம்' போதும், ஒப்புதல் வேண்டாம்.

*

அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் ரோட் ஐலண்ட் 1790 மே மாதத்தில், மற்ற எல்லாரும் சேர்ந்து அரசே நடக்கத் தொடங்கியபின், 34க்கு 32 என்று வாக்களித்தது. மனமில்லாமல், வேறு வழியில்லாமல், இரண்டே வாக்கில் வந்த இசைவு அது. அதில் எந்த உறுதியைப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன்? என் வகுப்பில் ஒப்புதல்தான்.