புதுப்பிப்பு: பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத மகன்

ஆட்டிசம் உள்ள என் மூன்று வயது மகன் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கார் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறான் என்று முன்பு எழுதியிருந்தேன்.

தெரபிஸ்ட் நாங்கள் விளையாடுவதை வீடியோ எடுத்து எங்களுக்கே போட்டுக் காட்டினார். "என்ன கலர்? சொல்லு, சொல்லு" என்று நான் கேட்டபடியே இருக்கிறேன். அவன் என்னைப் பார்த்த இரண்டு தடவையும் நான் கவனிக்கவே இல்லை. அழுதுவிட்டேன்.

இப்போது நானும் தரையில் படுத்துச் சக்கரத்தைச் சுற்றுகிறேன். "சுத்துது" என்று ஒரே சொல். அப்புறம் காத்திருப்பேன், அதுதான் கஷ்டம்.

பிரிட்டனில் 152 குழந்தைகளிடம் சோதித்து, 2010இல் முடிவுகள் வெளியான 'பேக்ட்' (PACT) என்ற, பெற்றோருக்கு வீடியோ காட்டிப் பயிற்சி தரும் முறையும் இப்படித்தான். கோவாவில் சிறப்பு மருத்துவர்கள் இல்லாமல், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே இதைச் செய்தார்கள்.

பேச்சு இன்னும் வரவில்லை. நேற்று என் கையைப் பிடித்துச் சக்கரத்தின் மேல் வைத்து, முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.