ஆயர், பேராயர்: கல்யாணக் கார்டில் குழப்பம், உதவுங்கள்

கேட்டவர் (நாகர்கோவில்):
நாங்கள் கத்தோலிக்கர், கோட்டாறு மறைமாவட்டம். தங்கச்சிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை நெய்யூர்ப் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). கல்யாணம் அவர்கள் ஆலயத்தில். அவர்கள் எழுதித் தந்த கார்டு வாசகத்தில் "சபை ஆயர் நடத்திவைக்க, பேராயர் ஆசி வழங்க" என்று இருக்கிறது. மாமா படித்துவிட்டு, "பிஷப் வாராரா? போதாததுக்கு மதுரையிலிருந்து ஆர்ச்பிஷப்பும் வாராரா?" என்கிறார். தப்பாக எழுதிவிட்டார்களா? நாளைக்கு அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.

அச்சக வேலை, மார்த்தாண்டம்:
அண்ணே, ஒரு எழுத்தையும் மாற்றாதீங்க. உங்கள் பக்கம் ஆயர் என்றால் பிஷப், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். சி.எஸ்.ஐ.யில் ஆயர் என்பவர் சபைப் போதகர், பேராயர்தான் பிஷப். அவர்களுக்கு ஆர்ச்பிஷப் என்ற பதவியே கிடையாது. திருச்சபை முழுமைக்கும் தலைவராக இருப்பவர் பிரதமப் பேராயர், மாடரேட்டர் என்பார்களே, அவர். அடுத்த சொல்லைப் பார்த்தாலே பிடிபடும்: பிஷப்பின் ஆளுகைப் பகுதிக்கு மறைமாவட்டம் என்றிருந்தால் கத்தோலிக்கம், பேராயம் என்றிருந்தால் சி.எஸ்.ஐ. ஒருமுறை எங்கள் கடையில் டைப் செய்த பையன், சி.எஸ்.ஐ. போதகர் பெயருக்கு முன்னால், கத்தோலிக்க பிஷப்புக்குப் போடுவதுபோல 'மேதகு ஆயர்' என்று போட்டுவிட்டான். 500 கார்டும் குப்பைக்குப் போயிற்று.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஆயர் என்றால் மேய்ப்பர். சபையை மேய்ப்பவர் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், மறைமாவட்டத்தை மேய்ப்பவர் என்று நீங்கள். அவ்வளவுதான் வித்தியாசம். இங்குள்ள சி.எஸ்.ஐ. சபைகளில் பெரும்பாலானவை லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டண்ட் மிஷனரிச் சங்கத்தின் வழி வந்தவை. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகும்வரை அவர்களுக்கு பிஷப்பே இல்லை.

குளச்சல் வாசி:
கார்டு கிடக்கட்டும். கத்தோலிக்கப் பெண் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் தாலி கட்டிக்கொள்ள முன்கூட்டியே ஆயரின் அனுமதி வேண்டும். அது உங்கள் கோட்டாறு ஆயரின் அனுமதி. மாப்பிள்ளை வீட்டார் "ஆயரிடம் கடிதம் வாங்கியாச்சு" என்றால் அது போதகர் தந்த கடிதமாக இருக்கும், இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். பங்குத்தந்தையிடம் இப்போதே பேசுங்கள்.

கேட்டவர்:
நல்லவேளை சொன்னீர்கள்! மாப்பிள்ளை வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள், நாங்களும் சும்மா இருந்துவிட்டோம். நாளைக் காலை பூசை முடிந்ததும் பங்குத்தந்தையைப் பார்க்கிறேன். கார்டை அப்படியே கொடுத்தாயிற்று. விளக்கிச் சொன்னதும் மாமாவுக்கு முகம் வாடிவிட்டது: "அப்போ ஒரே ஒரு பிஷப்தானா?"