1916-ல் ரஷ்யத் தளபதி புரூசிலோவ் முழுதாக ஜெயித்திருந்தால் ரஷ்ய மன்னர் ஜார் தப்பியிருப்பாரா?

வரைபடப்பித்தன்:
1916 ஜூனில் புரூசிலோவ் அடித்த அடியில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் படை நொறுங்கியது. சில நாட்களிலேயே லுட்ஸ்க் நகரம் விழுந்தது. கைதிகள் லட்சக்கணக்கில். வடக்கே இன்னொரு ரஷ்யத் தளபதி எவர்ட்டும் திட்டமிட்டபடி பாய்ந்திருந்தால், ஜெர்மனி தெற்கே துருப்பு அனுப்பியிருக்க முடியாது. ஆஸ்திரியா சமாதானம் கேட்டிருக்கும், 1917-ல் புரட்சியும் வந்திருக்காது. எவர்ட் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டதுதான் ஜாரைக் கவிழ்த்தது.

ரொட்டிக்கியூ:
அண்ணே, ஜெயிக்கத்தானே செய்தார்கள்? பிப்ரவரியில் துருக்கியிடமிருந்து எர்சுரூம் கோட்டை, ஜூனில் லுட்ஸ்க். அடுத்த மார்ச்சில் ஜார் இல்லை! தலைநகர் பெட்ரோகிராடில் மகளிர் தினத்தன்று பெண்கள் கேட்டது ரொட்டி. நாட்டில் தானியம் இருந்தது. காசு மதிப்பிழந்து, அதைக் கொடுத்து வாங்கச் சாமானும் கிடைக்காததால் விவசாயி விற்கவில்லை. விற்றதையும் ரயில் ஒழுங்காகக் கொண்டுவரவில்லை. புரூசிலோவின் வெற்றியை நம்பித்தான் ஆகஸ்டில் ருமேனியா போரில் குதித்தது. டிசம்பரில் அதன் தலைநகர் புக்கரெஸ்ட் போனது. அந்த நீண்ட போர்முனையும் ரஷ்யா தலையில்தான் விடிந்தது.

வரைபடப்பித்தன்:
அது அரைகுறை வெற்றி, தம்பி. ஜப்பானுடன் போர் நடந்த 1905-ஐப் பாருங்கள். போர்ட் ஆர்தர் துறைமுகக் கோட்டை ஜப்பானிடம் போன அதே ஜனவரியில், ஊர்வலம் வந்த மக்களைச் சுட்ட ரத்த ஞாயிறு. மே மாதம் சுஷிமாவில் கப்பற்படை மூழ்கியது, ஜூனில் பொட்டெம்கின் போர்க்கப்பலில் கலகம். தோல்விதான் அங்கே புரட்சிக்குக் கதவைத் திறக்கிறது.

ரொட்டிக்கியூ:
அந்தப் போரில் தோற்றும் ஜார் பிழைத்தாரே? பெரும்பாலான படை அவர் சொல் கேட்டது, அவ்வளவுதான்.

கடைசிபெஞ்ச்:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். 1915-லிருந்து ஜாரே தலைமைத் தளபதி. தோல்வியெல்லாம் அவர் கணக்கில் ஏறியது, வெற்றிக்கு மட்டும் புரூசிலோவ் பெயர். 1917 மார்ச்சில் பதவி விலகச் சொல்லித் தந்தி அடித்த தளபதிகளில் அதே புரூசிலோவும் உண்டு. எவர்ட்டும்தான்.

வரைபடப்பித்தன்:
தந்தி சரி. ஆனால் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா பணிந்திருந்தால் அதை அடிக்க யாருக்குத் துணிச்சல் வந்திருக்கும்?

ரொட்டிக்கியூ:
வியன்னாவா! ரயில் சந்திப்பான கோவெலுக்கே போய்ச் சேரவில்லை. ஸ்தோகோத் ஆற்றுச் சதுப்பில் ஜாரின் காவல் படையை இறக்கி ஆயிரக்கணக்கில் பலி கொடுத்தார்கள். தலைநகரில் மிச்சமிருந்தது பெரும்பாலும் புதிதாகச் சேர்த்த ஆட்கள். மார்ச்சில் முதலில் துப்பாக்கியைத் திருப்பிய வொலின்ஸ்கி ரெஜிமெண்டும் அப்படிப்பட்டதுதான்.