புதுப்பிப்பு: எழும்பூர் விடுதியில் அக்காவை அறைக்கு விடாத விஷயம்

எழும்பூர் விடுதியில் என்னைப் பார்க்க வந்த அக்காவை மேலே விடவில்லை, வரவேற்பில் இருந்தவர் என் ஆதாரைத் தன் சொந்த செல்போனில் படம் எடுத்தார் என்று எழுதியிருந்தேன். அப்புறம் என்ன ஆச்சு என்று பலரும் கேட்டீர்கள்.

மேலாளரை நேரில் பார்த்தேன். "போலீஸ் ரூல் சார்" என்றார். எழுத்தில் காட்டச் சொன்னதும், விடுதியின் சொந்த விதிதான் என்று இறங்கி வந்தார். சொந்த விதி வைக்கட்டும். அறை பதியும்போதே சொல்ல வேண்டாமா? கோவை விடுதி வழக்கில் 2019 டிசம்பரில், திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டமே இல்லை என்றது சென்னை உயர் நீதிமன்றம். கூடப்பிறந்தவள் வந்து அரை மணி நேரம் பேச, போலீஸ் பெயரைச் சொல்லித் தடுப்பது எந்த ஊர் நியாயம்?

ஆதார் படத்தைப் பற்றிக் கேட்டதும், வரவேற்பில் இருந்த அந்தத் தம்பி தன் செல்போன் கேலரியைத் திறந்தார். வரிசையாக ஆதார் அட்டைகள், நடுவில் அவர் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் கேக், மறுபடியும் அட்டைகள். பார்த்ததும் பகீரென்றது. யார் யாருடைய முகவரியோ! என்னுடையதை என் கண்முன்னே அழித்தார். மற்றவர்களுடையதையும் அழிக்கச் சொல்லி மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அடையாளச் சான்று கேட்பது சரி, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஆதார் இணையதளத்திலேயே கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் நகல் கிடைக்கிறது, அதைக் கொடுங்கள். ஓட்டுநர் உரிமமும் போதும்.

பார்வையாளர் நேரத்தைப் பலகையில் எழுதி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் வைக்கவில்லை.