ஹிஞ்ச் (கீல்) பக்கம் பிளந்த லேப்டாப் பாடி: எந்தப் பசை நிக்கும்?

மண்டபம்_கரை
ஸ்கிரீனைத் தூக்கினா வலது மூலையில் கீழ்ப்பாடியும் சேர்ந்து வாயைப் பிளக்குது. கழட்டிப் பார்த்தா, ஹிஞ்ச் ஸ்க்ரூ ஏறுற ரெண்டு பித்தளை நட்டும் பிளாஸ்டிக்கைப் பிய்ச்சுக்கிட்டு வந்திருக்கு. பாடியோட உள்பக்கம் 'பிசி+ஏபிஎஸ்'னு அச்சு இருக்கு. இன்ஸ்டன்ட் பசை நிக்கல. இங்க வல்லத்துக்கு ஃபைபர் போடுறவங்ககிட்ட ரெசின் வாங்கி ஊத்தலாமா?

பாம்பன்_சோல்டர்
ரெசினை ஊத்திராதீங்க தம்பி. அது பாலியெஸ்டர். அதுல இருக்கிற ஸ்டைரீன் உங்க பிளாஸ்டிக்கை (பிசின்னா பாலிகார்பனேட், அதோட ஏபிஎஸ் கலந்தது) அரிக்கும். இறுகும்போது சூடாகி, சுருங்கவும் செய்யும். அவங்ககிட்ட கேட்டு வாங்க வேண்டியது உள்ளங்கை அளவு நெய்த கண்ணாடித் துணி. நார் நாரா ஒட்டி வர்ற மேட் வேண்டாம், அதுல நாம ஒட்டப்போற எபாக்ஸி (ரெண்டு டியூப் கலந்து இறுகுற பசை) சரியா ஊறாது.

ஆனா பசைக்கு முன்னாடி ஹிஞ்சைப் பாருங்க. நம்ம உப்புக் காத்துல அது துருவேறி இறுகிடும். ஸ்கிரீன் மூடியைத் திறக்கிற விசை முழுக்க அந்த ரெண்டு நட்டு மேலயே வந்து விழும். அதைச் சரி பண்ணாம எதை வச்சு ஒட்டினாலும் மறுபடி பிய்க்கும். தண்டு முனையில் நட்டு இருக்கிற ரகம்னா, ஹிஞ்சை வெளிய எடுத்து, துருவைத் துடைச்சு, அந்த நட்டைக் கால் சுத்து தளர்த்துங்க. இடது பக்கமும் அதே இறுக்கத்துக்கு வரணும். ஒண்ணு இறுக்கம், ஒண்ணு லூஸ்னா மூடி முறுக்கிக்கிட்டு அடுத்த மூலை போயிரும். நட்டே இல்லாத ரகம்னா புது ஹிஞ்ச்தான்.

இனி ஒட்டுற வேலை. முதல்ல பேட்டரி கனெக்டரை எடுத்துடுங்க. பழைய பசையை ஒரு பொட்டு விடாம சுரண்டணும். 120 நம்பர் உப்புத்தாள்ல சொரசொரப்பாக்கி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைங்க. அசிட்டோன் தொடவே கூடாது; ஏபிஎஸ்ஸைக் கரைக்கும், பாலிகார்பனேட்ல முடி மாதிரி விரிசல் விடவைக்கும். நட்டை ஸ்க்ரூவோட ஹிஞ்சுலயே மாட்டி, அப்படியே இடத்துல உக்கார வச்சு ஒட்டினாத்தான் ஓட்டை நேரா வரும். மரையில கொஞ்சம் வாஸ்லின் தடவுங்க, இல்லேன்னா ஸ்க்ரூவும் சேர்ந்து ஒட்டிக்கும். அந்த வாஸ்லின் ஒட்டுற இடத்துல படக்கூடாது.

ரெண்டு டியூப் அரால்டைட், மெதுவா இறுகுற வகை, சம அளவு பிதுக்கி நிறம் ஒண்ணாகுற வரை குழைங்க. நட்டைச் சுத்தி வச்சு, மேல துணி ரெண்டு அடுக்கு, விரிசலைத் தாண்டி 1 செ.மீ. 24 மணி நேரம் கையை வைக்காதீங்க.

தொண்டி_பெஞ்ச்
மேல சொன்னது சரி. ஒண்ணு சேர்க்கிறேன்: பூச்சு தடிச்சா கீழ்மூடி உக்காராது. பசை ஈரமா இருக்கும்போதே, நடுவுல பாலிதீன் தாள் வச்சு மூடியைப் பொருத்திப் பாருங்க.

பித்தளை நட்டு இருந்த பிளாஸ்டிக் தூணே பொடியாப் போயிருந்தா ஒட்டுறது வீண். ஹிஞ்ச் ஓட்டைக்கு நேரா பாடியைத் துளைச்சு, ஸ்டெயின்லெஸ் மெஷின் ஸ்க்ரூ, வாஷர், நட்டுன்னு அடிச்சிடலாம். பெரும்பாலும் எம்2.5 (2.5 மி.மீ. தடிமன்), சிலதுல எம்2. பழைய ஸ்க்ரூவை அளந்து வாங்குங்க. வெளிய தலை தெரியும், அழகு போகும், பிடி போகாது. நீளம் கூடினா போர்டுல இடிக்கும். டிஸ்ப்ளே கேபிளும் வைஃபை வயரும் ஹிஞ்ச் ஓரமாத்தான் போகும், துளைக்கிறப்ப நகர்த்தி வைங்க.

மண்டபம்_கரை
எம்சீல் கைவசம் இருக்குண்ணே. அரால்டைட்டுக்குப் பதிலா ஆகுமா?

பாம்பன்_சோல்டர்
பள்ளம் அடைக்க ஆகும், இழுவிசைக்கு ஆகாது. வழவழ பிளாஸ்டிக்ல இருந்து அப்படியே கட்டியாப் பேந்து வரும். விரிசல் பாம்ரெஸ்ட் (கை வைக்கிற இடம்) வரை ஓடியிருந்தா எதையும் ஒட்டாதீங்க. சி பேனலே (கீபோர்டைச் சுத்தியிருக்கிற மேல்பக்க பாடி) மாத்துங்க. மதுரையில இல்லேன்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கேளுங்க, அடியில இருக்கிற முழு மாடல் நம்பரைச் சொல்லி. பழைய பேனல்னா, காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி அதோட பித்தளை நட்டு ஒவ்வொண்ணையும் விரலால ஆட்டிப் பாருங்க.