பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்கும் நாயை அணைத்துக்கொள்வது தவறா?

பெரம்பூர் மாடிவீடு:
தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கின்றன. சென்ற ஞாயிறன்று எங்கள் தெருவில் ஒரு சாவு ஊர்வலம் சரவெடியுடன் சென்றபோது, எங்கள் மூன்று வயது நாட்டுநாய் கறுப்பி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஒரு சாண் இடைவெளியில் தன்னைத் திணித்துக்கொண்டாள். வாயிலிருந்து வழிந்த எச்சில் தரையில் தேங்கி நின்றது. உயிரையே கொடுப்பாள் என்று சொல்லும் அளவுக்குப் பிடித்த தயிர்சாதத்தை அன்று முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்படிச் செய்தால் பயம் வளரும் என்று எதிர்வீட்டார் கண்டித்தார். நான் செய்தது தவறா?

ராயபுரம் பெரியவர்:
தவறுதான் அம்மா. முப்பது ஆண்டுகளில் நான்கு நாய்கள் வளர்த்த அனுபவத்தில் சொல்கிறேன். நடுங்கும்போதெல்லாம் கொஞ்சினால், நடுங்குவதற்குப் பலன் உண்டு என்று நாய் கற்றுக்கொள்கிறது. என் இரண்டாவது நாயை ஒரு தீபாவளி இரவு முழுவதும் மொட்டை மாடியில் கட்டிவைத்தேன். முதல் ஒரு மணி நேரம் குரைத்தது, பிறகு அடங்கிப் படுத்துவிட்டது. மூன்றாவது நாய்க்கு, தெரிந்தவர் ஒருவர் கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டேன். கால்கள் துவண்டு விழுந்தும் கண்கள் மட்டும் விரியத் திறந்திருந்தன. ஒவ்வொரு வெடிக்கும் தோல் துடித்தது. அன்றோடு மருந்து என்ற பேச்சையே விட்டுவிட்டேன்.

வேளச்சேரி கால்நடை மருத்துவர்:
பெரியவர் சொன்ன இரண்டு நிகழ்ச்சிகளையும் நான் நம்புகிறேன். ஆனால் அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவுகளை ஏற்க இயலவில்லை.

பலன் கிடைத்தால் வளர்வது செயல். பயமோ செயல் அன்று. இதயம் விரைந்து, மூச்சு வாங்கி, உடல் முழுவதும் பரவுகிற ஒரு நிலை. இடிக்குப் பயந்து மடியில் ஏறிய குழந்தையை அணைத்ததால் அது அடுத்த இடிக்கு வேண்டுமென்றே பயப்படுவதில்லை. எனவே தானாக உங்களிடம் வரும் நாயை அமைதியாக அணைத்துக்கொள்ளுங்கள். ஒளிந்துகொள்வதை இழுத்து வந்து கட்டிப்பிடிக்க வேண்டாம்.

மாடியில் அடங்கிய நாய் பழகிவிட்டது என்று சொல்ல முடியாது. தப்ப வழியில்லை என்று தெரிந்த நாய் அசையாமல் உறைந்துபோவதும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அதனால்தான் சிறிய அடையாளங்களைக் கவனிக்கச் சொல்கிறோம்: தூக்கம் இல்லாத நேரத்துக் கொட்டாவி, உணவில்லாமல் உதடு நக்குதல், வெள்ளைவிழி தெரியும் பக்கப்பார்வை, வெயிலில்லாமலே மூச்சிரைப்பு, பிடித்த உணவை மறுப்பது.

மாத்திரையின் பெயர் எனக்குத் தெரியாது என்றாலும், அசிப்ரோமசின் போன்ற பழைய மருந்துகள் தனியாகக் கொடுக்கப்படும்போது நிகழ்வது இதுவே: உடல் தளரும், பயம் அப்படியே இருக்கும். பயத்தையே தணிக்கும் மருந்துகள் வேறு. ஃபுளுவாக்சிடின் போன்றவை முழுப் பலன் தரச் சில வாரங்கள் பிடிக்கும். வெடிச் சத்தத்துக்கென அந்த நாளில் மட்டும் கொடுப்பவை தனி. எதுவாயினும் நாயைப் பரிசோதித்தவரே எழுதித்தர வேண்டும்.

ராயபுரம் பெரியவர்:
அணைப்பது பற்றிய விளக்கத்தை யோசிக்கிறேன். ஆனால் வீட்டார் பதறினால் நாயும் பதறும் என்பதை நீங்கள் மறுக்க முடியாது. கறுப்பியின் வீட்டில் அன்று எல்லோரும் அவளைச் சுற்றி நின்றிருப்பார்கள். தெருநாய்களுக்கு யார் மாத்திரை கொடுக்கிறார்கள்? அவை பிழைத்துக்கொள்ளவில்லையா?

மயிலாப்பூர் பூனைவீடு:
இங்கே பூனையை யாரும் நினைக்கவில்லை. அது நடுங்கிக் காட்டாது, குரைக்காது, ஒடுங்கிவிடும். எங்கள் குடியிருப்புக்கு வர்ணம் பூசிய நாட்களில் என் ஆண்பூனை மெத்தையில் சிறுநீர் கழித்தது. திமிர் என்று திட்டினேன். மூன்றாம் நாள் மணல் தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தது, ஒரு சொட்டும் வரவில்லை. மன அழுத்தத்தாலும் பூனையின் சிறுநீர்ப்பை வீங்குமாம். ஆண்பூனைக்கு அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாம். 1903-இல் தொடங்கப்பட்ட, வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடினேன், பிழைத்தது. வலிக்கிறதே என்று யாரும் வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிட வேண்டாம். பூனைக்கு அது நஞ்சு.

இப்போது ஒரு பூனைக்கு இரண்டு மணல் தட்டுகள் வைத்திருக்கிறேன், பீரோ உச்சியில் ஒரு பழைய புடவை விரித்த அட்டைப்பெட்டியும் இருக்கிறது.

வேளச்சேரி கால்நடை மருத்துவர்:
பெரியவர் ஐயா, பதற்றம் தொற்றும் என்பதில் உங்களுடன் முழுமையாக உடன்படுகிறேன். தெருநாய்க்கு ஓட இடம் இருக்கிறது. ஓடி, வழி தவறி, வண்டியில் அடிபடுவனவும் உண்டு. அவற்றை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

கறுப்பிக்கு ஐந்து வாரம் நல்ல அவகாசம். பட்டாசு ஒலிப்பதிவை அவள் காது மட்டும் திரும்பும் அளவு மெல்லிய ஒலியில் வைத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் வேகவைத்த கோழித் துண்டு கொடுங்கள். அவள் சாப்பிட மறுத்தால் ஒலி கூடிவிட்டது என்று பொருள்; ஒரு படி இறங்குங்கள். அவசரப்பட்டு ஏற்றினால் மொட்டை மாடிக் கதைதான். தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வரையறுத்திருந்தாலும் வெடி அதற்கு முன்பும் பின்பும் கேட்கும். ஆகவே விடியுமுன்பே வெளியே அழைத்துச் சென்று வந்துவிடுங்கள், கழுத்துப்பட்டையில் கைப்பேசி எண் இருக்கட்டும். பீரோ இடுக்கை அடைக்காதீர்கள். அவள் தேர்ந்தெடுத்த இடம் அது.

பெரம்பூர் மாடிவீடு:
பீரோவை இன்று இன்னும் அரை அடி நகர்த்தி, அம்மாவின் பழைய நூல்புடவையை அங்கே விரித்தேன். கறுப்பி முகர்ந்து பார்த்துவிட்டு முன்கால்களை மட்டும் வைத்திருக்கிறாள்.

ராயபுரம் பெரியவர்:
நேற்றிரவு முழுவதும் அந்த இரண்டாவது நாயையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தீபாவளிக்குப் பிறகு அது மாடிப்படி ஏறியதே இல்லை. வற்றல் காயவைக்க நாங்கள் போகும்போதெல்லாம் கீழ்ப்படியிலேயே நின்றுவிடும். முட்டிவலி என்று நினைத்து ஏழு ஆண்டுகள் எண்ணெய் தடவினேன்.